நாளைப்போவார் என்ற பெயரும் நந்தனார் கதையும்

நாயன்மார் அறுபத்து மூவருள் தாம் நாள்தோறும் சொல்லிவந்த சொல்லே தமக்குப் பெயராய் நிலைக்கப் பெற்றவர் திருநாளைப்போவார். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று தில்லையை நினைந்து அவர் ஏங்கிய ஏக்கத்தை ஊரும் உலகும் பெயராக்கி வைத்துக்கொண்டன. நந்தனார் என்றால் இன்று எல்லாருக்கும் தெரியும். திருநாளைப்போவார் என்றால் சற்று நின்று யோசிப்பவர் உண்டு.

நந்தனார் கதையைச் சொல்லும்படி ஒரு மாணவனிடம் கேட்டுப் பாருங்கள். ஆதனூரில் ஒரு வேதியர் இருந்தார். அவருடைய பண்ணையில் நந்தன் அடிமையாய் உழைத்தான். சிதம்பரம் போக விடை கேட்டான். நாற்பது வேலி நிலத்தையும் நட்டு அறுத்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார் வேதியர். இறைவன் அருளால் ஓரிரவிலே பயிர் விளைந்து நின்றது. வேதியர் நந்தன் காலில் விழுந்தார். நந்தன் தில்லை சென்று தீயில் மூழ்கி முனிவனாய் வெளிப்பட்டு இறைவனோடு கலந்தான் என்று தடையின்றிச் சொல்லி முடிப்பான். ஆசிரியரும் சரி என்று தலையசைப்பார். ஆனால் பெரியபுராணத்தை எடுத்துத் திருநாளைப்போவார் புராணத்தின் முப்பத்தேழு பாடல்களையும் வரிவரியாகத் தேடினாலும் அந்த வேதியர் அகப்படமாட்டார். நாற்பது வேலி அங்கில்லை. ஓரிரவில் விளைந்த நெல்லும் இல்லை. அவை எல்லாம் சேக்கிழாருக்கு எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வந்தவை.

அவை எப்போது வந்தன, ஏன் வந்தன என்பதையும், சேக்கிழாருக்கு முன்னே கதை எப்படி இருந்தது என்பதையும் இங்கே காண்போம். ஒரு மனிதன் கோயில் வாயிலுக்கு வெளியே நின்றான் என்பது இக்கதையின் கரு. அவனை நிறுத்தியது எது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை கூறியிருக்கிறது.

முதலில் சுந்தரர். எட்டாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த அவர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத்தொகையே அடியார் வரலாறுகளுக்கெல்லாம் வித்து. அதில் நம் அடியாருக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. செம்மை என்னும் ஒரு சொல்லை அடையாக வைத்து, திருநாளைப்போவாருக்கும் தாம் அடியேன் என்று கூறிச் சுந்தரர் மேலே சென்றுவிடுகிறார். ஊரும் குலமும் தொழிலும் சொல்லப்படவில்லை. நந்தன் என்ற பெயரும் இல்லை. ஆதி சைவ அந்தணராகிய சுந்தரர் தம்மை அவருக்கு அடியவன் என்று சொல்லிக்கொண்டது மட்டும் இருக்கிறது. அது சிறிய செய்தி அன்று.

சுந்தரர் இவரை இன்னோர் இடத்திலும் நினைக்கிறார். அதனைப் பலரும் கவனியாது விடுகின்றனர். திருப்புன்கூர்ப் பதிகத்தில், அடியார் குற்றமே செய்தாலும் அதனைக் குணமாகக் கொள்ளும் இறைவன் இயல்பைப் பாடும்போது அவர் ஒரு வரிசை தருகிறார். ஞானசம்பந்தர், நாவுக்கரசர், அடுத்து நாளைப்போவார். அதன்பின் சூதாடியவர், சாக்கியர், சிலந்தி, கண்ணப்பர், கணம்புல்லர். மூவர் முதலிகளில் இருவருக்கு அடுத்த இருக்கை இவருக்கே கிடைத்திருக்கிறது. கண்ணப்பர் செருப்புக் காலை இறைவன் திருமேனியில் வைத்தார், சாக்கியர் கல்லெறிந்தார், இவை குற்றம் போலத் தோன்றிக் குணமானவை. நாளைப்போவார் செய்த குற்றம் யாது? பாடல் அதைக் கூறவில்லை. சம்பந்தரும் அப்பரும் அதே வரிசையில் நிற்பதால், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குற்றத்தைத் தேடிப் பொருத்துவதும் முறையாகாது. ஆயினும், புக வேண்டாத எல்லைக்குள் புக விரும்பியதே உலகோர் கண்ணில் அவர் குற்றமாகப் பட்டது என்று எண்ண இடமிருக்கிறது. அந்தப் பதிகம் திருப்புன்கூருக்கு உரியது என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும். பிற்காலக் கதையில் நந்தி விலகிய தலம் அதுவே. சேக்கிழார் பாடுவதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகட்கு முன்னமே அந்த ஊரையும் இந்த அடியாரையும் ஒரே பாட்டில் காண்கிறோம்.

அடுத்தவர் நம்பியாண்டார் நம்பி. திருமுறைகளைத் தொகுத்த இவரை இராசராசன் காலத்தவர் என்பது மரபு. தம் திருத்தொண்டர் திருவந்தாதியில் நாளைப்போவாருக்கு ஒரு பாடல் ஒதுக்கினார். ஊர் ஆதனூர் என்பது இங்கேதான் முதன்முதலாக வருகிறது. அவரைப் புறத்தொண்டர் என்கிறார் நம்பி. வெளியே நின்று தொண்டு செய்தவர் என்பது பொருள். தில்லையம்பலவன் அருளால் அவரிடமிருந்த புலைமை நீங்கியது என்றும், தில்லை மூவாயிரவர் கைகூப்ப அவர் முனிவரானார் என்றும் கூறி நம்பி நிறுத்திக்கொள்கிறார். அருள் கிடைத்தது, இழிவு போயிற்று, அந்தணர் தொழுதனர். தீ எங்கே? நம்பியின் பாட்டில் தீ இல்லை.

இங்கே கல்வெட்டு ஒன்றைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்களை அளித்தபோது, வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கல்லில் வெட்டுவித்தான். ஊர்நத்தம், குளம், சுடுகாடு என்னும் அந்தப் பட்டியலில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் பெயர்களும் இடம்பெறுகின்றன. தீண்டாமை நிலத்தோடு அளக்கப்பட்டு அரசாங்கக் கணக்கில் ஏறிவிட்ட காலம் அது. சுந்தரர் குலத்தைக் கூறாமல் விட்டதற்கும் நம்பி அதைக் கூறியதற்கும் இடையிலே தமிழ்நாட்டு ஊர்களின் அமைப்பு எவ்வாறு இறுகியது என்பதை இக்கல்வெட்டு ஒருவாறு காட்டுகிறது.

இனிச் சேக்கிழார். 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கனாகிய அநபாயனுக்கு அமைச்சராய் இருந்தவர் அவர். ஒரு பாட்டை முப்பத்தேழாக விரித்தார். விரித்த அழகை என்னென்பது! ஆதனூரின் வயல் வளத்தைப் பாடி, ஊர்ப்புறத்துப் புலைப்பாடிக்கு நம்மை அழைத்துச் செல்கிறார். பழைய கூரைமேல் சுரைக்கொடி படர்ந்திருக்கிறது. முற்றத்தில் கோழிக் குஞ்சுகள் திரிகின்றன. இரும்பு வளை அணிந்த கரிய சிறுவர்கள் நாய்க்குட்டிகளைப் பற்றி இழுத்து விளையாடுகின்றனர். மருத மர நிழலில் உழத்தியொருத்தி தன் குழந்தையைத் தோலின்மேல் கிடத்தி உறங்க வைக்கிறாள். மாமரக் கிளையில் பறைகள் தொங்குகின்றன. அரசவைப் புலவர் ஒருவர் சேரியை இவ்வளவு அருகில் சென்று பார்த்துப் பாடியது தமிழில் வேறெங்கே இருக்கிறது? எள்ளல் இல்லை, அருவருப்பும் இல்லை. மருதநிலத்து ஊரைப் பாடும் அதே கையால் சேரியையும் பாடியிருக்கிறார்.

அந்தச் சேரியில் நந்தனார் என ஒருவர் இருந்தார் என்கிறார். பெயர் நமக்குக் கிடைப்பது இங்கேதான். அவர் எதனால் பிழைத்தார் என்பதையும் சேக்கிழார் தெளிவாகக் கூறுகிறார். ஊரார் பறைத்தொழிலுக்கென விட்ட நிலம் பறைத்துடவை எனப்படும். அந்த நிலத்தின் விளைவை உணவுக்கு உரிமையாகக் கொண்டு, தம் குலத்தொழிலைச் செய்துவந்தார் நந்தனார். இந்தச் செய்தி நம் கேள்விக்கு மிகவும் இன்றியமையாதது. சேக்கிழாரின் நந்தனார் எவருக்கும் பண்ணையாள் அல்லர். ஊர்த்தொழிலுக்கு ஈடாகக் கிடைத்த மானிய நிலத்தை உழுது உண்டவர். அவர் எங்கே போவதற்கும் ஆண்டை ஒருவரிடம் விடை பெற வேண்டியதில்லை.

அவர் செய்த திருத்தொண்டும் தொழிலிலிருந்தே பிறந்தது. கோயில்தோறும் பேரிகை முதலிய முழவுகளுக்குப் போர்வைத்தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், இறைவன் வழிபாட்டுக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தார். இவற்றுள் எது கோயிலுக்குள் போகாமல் நின்றது? அவர் பதம் செய்த தோல் உள்ளே முழங்கிற்று. அவர் முறுக்கிய நரம்பு உள்ளே இசைத்தது. அவர் தந்த கோரோசனை இறைவன் வழிபாட்டில் சேர்ந்தது. அவர் மட்டும் வாயிற்புறத்தே நின்று ஆடினார், பாடினார். சேக்கிழார் இதற்கு விளக்கம் எழுதவில்லை. பொருள்களின் பட்டியலைத் தந்துவிட்டு, அவர் நின்ற இடத்தைச் சொல்லிவிடுகிறார். படிப்பவன் உள்ளம் அங்கே தைக்கிறது.

திருப்புன்கூருக்கு வருவோம். சிவலோகநாதரை நேரே கண்டு கும்பிட வேண்டும் என்பது நந்தனார் ஆசை. வாயிலுக்கு வெளியே நின்றால் இடையிலே விடை மறைக்கும். இறைவன் அந்த விடையை விலகச் செய்து காட்சி கொடுத்தார். இன்றும் அக்கோயிலில் நந்தி நேர்கோட்டில் இராமல் ஒருபுறம் ஒதுங்கியே இருக்கிறது. பின்பு அருகே ஒரு பள்ளத்தைக் கண்டு நந்தனார் அதனைக் குளமாகத் தோண்டி முடித்துவிட்டு ஊர் திரும்பினார். வெறும் கண்ணீரோடு திரும்பாமல் ஒரு குளத்தை வெட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார் என்பது உழைப்பாளியின் பத்தி எப்படியிருக்கும் என்பதைக் காட்டுகிறது. கதை சொல்வோர் பெரும்பாலும் நந்தியைச் சொல்லிக் குளத்தை விட்டுவிடுகின்றனர்.

பிறகு தில்லை ஆசை. இரவெல்லாம் உறக்கம் கொள்ளாமல் கிடப்பார். விடிந்ததும் தம் பிறப்பை நினைந்து நிற்பார். நாளை போவேன் என்பார். இப்படியே நாட்கள் சென்றன. இங்கே அவரைத் தடுத்தது எவருடைய வாய்ச்சொல்லும் அன்று. தமக்குள்ளே அவர் சுமந்த எல்லைக்கோடு அது. ஒரு நாள் துணிந்து புறப்பட்டுத் தில்லை எல்லையை அடைந்தார். வேள்விப் புகையும் மறையொலியும் அந்தணர் மாளிகைகளும் கண்டு, உள்ளே புகுதல் தமக்குத் தகாது என்று ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார். இரவு பகலாக வலம் வந்து களைத்து உறங்கியபோது கூத்தப்பெருமான் கனவில் தோன்றி, தீயில் மூழ்கி எழுந்து முப்புரிநூல் மார்பருடன் தம்மிடம் வருமாறு பணித்தார். தீ அமைக்கும்படி தில்லைவாழ் அந்தணருக்கும் கனவில் ஆணை பிறந்தது. அவர்கள் அஞ்சி நந்தனாரிடம் வந்து நிற்கின்றனர். ஐயரே என்று விளிக்கின்றனர். தீயில் இறங்குவதற்கு முன்னரே அந்த விளி வந்துவிட்டதைக் கவனித்தல் வேண்டும். தென்மதிலுக்குப் புறத்தே தீ வளர்த்தார்கள். நந்தனார் வலம்வந்து மூழ்கினார். பூணூலும் சடைமுடியும் உடைய முனிவராய் எழுந்தார். கோபுரம் தொழுது அம்பலத்துள் சென்றார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை.

இந்தத் தீயைக் குறித்து நிறையப் பேசப்பட்டிருக்கிறது. தீ, தண்டனை அன்று, தூய்மை செய்வது, ஞானசம்பந்தரும் நல்லூர்ப் பெருமணத்தில் சுற்றத்தோடு சோதியில் கலந்தவரே என்று சைவப் பெரியோர் கூறுவர். அது மறுக்க முடியாத ஒப்புமைதான். ஆனால் சம்பந்தர் சோதிக்குள் புகும்போது வேறொருவராக மாற வேண்டியிருக்கவில்லை. புகுந்தவராகவே கலந்தார். நந்தனாரோ புகுந்தவராக வெளிவரவில்லை.

இதற்குப் பெரியபுராணத்துக்குள்ளேயே ஒப்புநோக்க இடமுண்டு. பாணர் குலத்தவராகிய திருநீலகண்ட யாழ்ப்பாணரும் வாயிலில் நின்று பாட வேண்டியவரே. மதுரையில் இறைவன் அவரை உள்ளே அழைத்துவரும்படி தொண்டர்க்குக் கனவில் ஆணையிட்டார். அவர் உருவம் மாறாமல் யாழோடு உள்ளே சென்றார். திருவாரூரில் அவருக்காக வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்பட்டது. சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்னும் அந்தணர் வீட்டில் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. சம்பந்தருடன் வந்த பாணருக்கும் அவர் துணைவியார் மதங்கசூளாமணியாருக்கும் இரவு தங்க வேள்வித்தீ இருந்த நடுவறையிலேயே இடம் தரப்பட்டது. அந்தத் தீ வலம் சுழித்து முன்னிலும் மேலோங்கி எரிந்தது என்கிறார் சேக்கிழார். ஓரிடத்தில் உருவம் மாறாமலே அனுமதி. ஓரிடத்தில் தனி வாயில். ஓரிடத்தில் தீயே மகிழ்ந்து வரவேற்கிறது. இத்தனையும் பாடிய அதே புலவர், தில்லையில் மட்டும் நந்தனார் பிறப்பைத் தீயில் விட்டுவரச் செய்கிறார். ஏன்?

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரியபுராணம் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேறிற்று என்பது மரபு. அவையில் அரசனும் அந்தணரும் அடியாரும் வீற்றிருந்தனர். சேக்கிழார் பாடிய வாயில், அவையோர் அன்று காலையில் நுழைந்து வந்த வாயில். நம்பியின் பாட்டில் மூவாயிரவர் கைகூப்பினர் என்ற செய்தி முன்பே இருந்தது. அதை மாற்ற முடியாது. அவர்கள் எப்படிக் கைகூப்பினர் என்பதை அவையோர் ஏற்கும்படி சொல்லியாக வேண்டும். இறைவன் ஆணையும் தீயும் பூணூலும் அந்தத் தேவைக்கு விடையாய் வந்தன என்று கருதுகிறேன். சேக்கிழாரை இதற்காகக் குறைகூறுதல் எளிது. சேரிக் குழந்தையின் இரும்பு வளையை அந்த மண்டபத்தில் பாடத் துணிந்தவர் அவரே என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

அதன்பின் ஏழு நூற்றாண்டுகள் கதை பெரிதும் அப்படியே நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கையில் எடுத்தார். நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்த அந்தணர்; மணம் செய்துகொள்ளாதவர்; இசையிலும் கதை சொல்வதிலும் வல்லவர்; மாயூரத்துக்கு அருகே ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். அவர் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி சீசே என்பவரின் உதவியால் 1861-62 அளவில் அச்சேறியது.

அச்சேறுவதற்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியை டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பாரதியார் பலமுறை சென்றார். பிள்ளையவர்களுக்கு விருப்பமில்லை. கதை பெரியபுராணத்திலிருந்து விலகிச் செல்கிறது; நடையில் இலக்கணப் பிழைகள் உண்டு; இவற்றுக்குப் பாயிரம் தருவது எங்ஙனம்? ஒரு நாள் பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனத்தைத் தமக்குள்ளே பாடிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து கேட்ட பிள்ளையவர்கள் மனம் உருகிப் பாயிரம் கொடுத்தார். புலமை மறுத்ததைச் செவி ஏற்றுக்கொண்டது. தமிழாசிரியர்களாகிய நம்மில் பலர் பிள்ளையவர்களின் முதல் நிலையிலேயே நின்றுவிடுவதுண்டு.

பாரதியார் செய்த மாற்றந்தான் என்ன? நந்தனாருக்கு ஓர் ஆண்டையைக் கொடுத்தார். பறைத்துடவையை உழுதுண்ட தொழிலாளி, வேதியரின் பண்ணையாளாக மாறினார். நாளைப்போவார் என்ற பெயருக்கே பொருள் மாறிவிட்டது. சேக்கிழாரில் நாளை என்பது தம் பிறப்பை எண்ணித் தயங்கியவரின் சொல். பாரதியாரில் அது விடை கிடைக்காத கூலியாளின் சொல். நாற்று நட வேண்டும், அறுக்க வேண்டும், அடிக்க வேண்டும்; ஆண்டை சரி என்று சொல்லவேண்டும். புலையனுக்குச் சிதம்பரம் எதற்கு என்று கேட்கும் வேதியரும், சேரித் தெய்வங்களை விட்டுவிட்டு வேறு சாமி எதற்கு என்று கேட்கும் சேரிப் பெரியவரும் நந்தனை இருபுறமும் நெருக்குகிறார்கள். இரண்டுக்கும் நடுவே அவன் பாடுகிறான்.

இதைப் பாரதியார் ஆகாயத்திலிருந்து எடுக்கவில்லை. அவர் பிறந்து வளர்ந்த காவிரிக் கழிமுகம் பண்ணையாள் முறை வேரோடிய மண். அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாதென்று 1843இல் சட்டம் பிறந்தது. ஆளை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றம் என விதித்த இந்தியத் தண்டனைச் சட்டம் 1862ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கீர்த்தனை அச்சான காலமும் அதுவே. வயல்வெளியில் சட்டம் மெல்லத்தான் நடந்தது. தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாட்களின் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் வர 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரதியார் பிறந்த ஊருக்கு அருகேயுள்ள நாகப்பட்டினத் துறைமுகத்திலிருந்துதான் அந்த நூற்றாண்டில் மலாயாவுக்குக் கூலியாட்கள் கப்பலேறினர். ஆண்டையிடம் விடை கேட்டு நிற்பது எப்படிப்பட்டது என்பதை அறிந்தவர்கள் அந்தக் கப்பல்களிலும் இருந்திருப்பர்.

வேதியரைப் படைத்த பாரதியாரும் தீயை நீக்கவில்லை. வேதியரின் மனம் மாறி அவர் நந்தன் அடியில் விழுகிறார். ஆயினும் தில்லையில் தீ அப்படியே எரிகிறது. நிலத்தின் கொடுமையைக் கண்ட கண், வாயிலின் கொடுமையை மரபு விதித்தபடியே விட்டுவிட்டது. இதனையும் சொல்லாமல் போனால் வரலாறு குறைபடும்.

கீர்த்தனை, தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் முதலியோரின் கதாகாலட்சேபத்தால் தமிழ்நாடெங்கும் பரவிற்று. பிறகு திரைப்படம். 1935இல் வெளிவந்த பக்த நந்தனாரில் நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள், வேதியராக வந்தவர் சங்கீத வித்துவான் மகாராசபுரம் விசுவநாத ஐயர். அம்மையார் பெற்ற ஊதியம் ஓரிலட்ச ரூபாய் என்பது அக்காலத்தில் பெரும்பேச்சு. 1942இல் ஜெமினி நிறுவனத்தின் நந்தனாரில் எம். எம். தண்டபாணி தேசிகர் பாடி நடித்தார். இப்படங்களுக்குப் பின் பாரதியாரின் கதையே கதை என்றாயிற்று. சேக்கிழார் புலவர் அலமாரிக்குத் திரும்பினார்.

ஆயினும் எல்லாரும் இந்தக் கதையைக் கைகூப்பி ஏற்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914), நந்தன் புலையனுமல்லன், அடியாருமல்லன், பௌத்த அரசன், வஞ்சகத்தால் கொல்லப்பட்டவன் என்று எழுதினார். அவர் காட்டும் சான்றுகளை வரலாற்றாசிரியர் ஏற்பது அரிது. ஆனால் தீயில் மூழ்கினான், பின்பு காணப்படவில்லை என்று ஒரு கதை முடிந்தால், கேட்பவருள் ஒரு சாராருக்கு ஐயம் எழுவது இயல்பே. புதுமைப்பித்தன் புதிய நந்தன் என்றொரு சிறுகதை எழுதினார். இந்திரா பார்த்தசாரதி 1978இல் நந்தன் கதை என்னும் நாடகத்தில் அந்தத் தீயைச் சூழ்ச்சியின் தீயாகவே காட்டினார். சுந்தரரின் அரையடியில் தொடங்கிய பெயர் இன்றும் ஓயவில்லை.

எழுதாமலே இக்கதைக்கு விடை தேடியவர் ஒருவரும் உண்டு. ஆரணியை அடுத்த சிற்றூரில் 1890இல் ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த முனுசாமி, துறவு பூண்டு சுவாமி சகசானந்தர் ஆனார். தில்லைக்கு வந்து 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். நந்தனார் தீ மூழ்கிய இடம் என்று ஊரார் சுட்டுவது சிதம்பரத்து ஓமக்குளத்தை. அந்தக் குளத்தருகே மடமும் பள்ளியும் விடுதியும் எழுந்தன. சேரிப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தனர். சகசானந்தர் சட்டமன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். 1947இல் சென்னை மாகாணத்து ஆலய நுழைவுச் சட்டம் வந்து, வாயிலில் நின்றோர் உருமாறாமலே உள்ளே செல்லலாயிற்று. 1959இல் அவர் மறைந்தார். புரட்டாசி உரோகிணியில் கோயில்களில் திருநாளைப்போவாருக்குக் குருபூசை நடக்கிறது. ஓமக்குளத்துப் பள்ளியில் படித்து வெளியேறிய பிள்ளைகளுள் ஆசிரியரானவர்களும் உண்டு.